விரட்டும் மாத்திரை, தடுக்கும் மாத்திரை

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, அமாவாசை எல்லாம் அதில்தான். போன வருடம் அத்தை அதில் புதிதாக இரண்டு குறிகள் போட ஆரம்பித்தார். தலைவலி வந்த நாளுக்கு ஒரு வட்டம். மாத்திரை போட்டிருந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. நரம்பியல் டாக்டர் சொல்லித்தான் இந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் யார் கேட்டாலும் "எப்பவாச்சும் ஒண்ணு போடுவேன்" என்பதுதான் அவர் பதில். மாதக் கடைசியில் உட்கார்ந்து எண்ணினோம். 19 வட்டம், 17 புள்ளி.

டாக்டர் வட்டங்களைவிடப் புள்ளிகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கான மருந்துகளைப் புரிந்துகொள்ள அந்தப் புள்ளிகளிலிருந்து தொடங்குவது வசதி. இந்த நோய்க்கு இரண்டு தனித்தனி மருந்துக் குடும்பங்கள் இருக்கின்றன. வலி வந்த பிறகு அதை விரட்டப் போடுவது ஒன்று. வலி இருக்கிறதோ இல்லையோ, தினமும் போட்டு அடுத்த வலியைத் தடுப்பது இன்னொன்று. நம் ஊரில் முதல் வகையைத் தேவைக்கு மேல் விழுங்குகிறோம். இரண்டாவது வகை இருப்பதே பலருக்குத் தெரியாது.

கர்நாடகத்தில் பெங்களூரையும் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்கொண்டு செய்த ஒரு பெரிய கணக்கெடுப்பு, பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் மைக்ரேன் வந்திருப்பதாகச் சொன்னது (25.2 சதவீதம்). தமிழ்நாட்டு வீடுகளைப் பார்த்தாலும் அது மிகையாகத் தெரியவில்லை. ஆனால் பெயர்தான் வீட்டுக்கு வீடு மாறும். வாந்தியோடு வந்தால் "பித்தம்". நெற்றியும் கன்னமும் கனத்தால் "சைனஸ்". படிக்கிற பிள்ளைக்கு வந்தால் "கண்ணாடி போடணும்". 2004-ல் அமெரிக்காவில், தனக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருந்த சுமார் மூவாயிரம் பேரைச் சோதித்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. தவறான பெயருக்கு வாங்கும் மருந்து எப்படி வேலை செய்யும்?

சரி, முதலில் விரட்டும் மருந்துகள்.

பாராசிட்டமால், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் எல்லாம் மைக்ரேனுக்கும் உதவுபவைதான். பலருக்கு இவையே போதும். இவை பலிக்காமல் போவதற்கு மருந்தைவிட நேரமே பெரும்பாலும் காரணம். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பி, இனித் தாங்காது என்ற நிலையில் மாத்திரை போடுவது நம் வழக்கம். மைக்ரேன் வரும்போது இரைப்பையும் மந்தமாகிவிடுகிறது. உள்ளே போன மாத்திரை குடலுக்கு இறங்காமல் வயிற்றிலேயே கிடக்கும், அப்புறம் வாந்தியோடு வெளியே வந்துவிடும். அதனால்தான் டாம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு போன்ற வாந்தி மருந்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். வாந்தியை நிறுத்துவதோடு, வலி மாத்திரை கீழே இறங்கவும் அது வழி செய்கிறது.

அளவும் ஒரு காரணம். மைக்ரேன் ஆய்வுகளில் பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பாராசிட்டமால் 1000 மில்லிகிராம், ஆஸ்பிரின் 900 முதல் 1000 மில்லிகிராம். கடையில் ஒற்றை மாத்திரையாக வாங்கிப் போடுவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக இரட்டிப்பாக்க வேண்டாம். ஈரல், வயிறு, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். காய்ச்சலோடு சேர்ந்த தலைவலி என்றால், அதுவும் டெங்கு உலவும் மாதங்களில், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது எர்காட் குடும்பம். அதன் கதை கொஞ்சம் விசித்திரமானது. ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் ஒரு பூஞ்சைக்குத்தான் எர்காட் என்று பெயர். இடைக்கால ஐரோப்பாவில் அந்தத் தானியத்தில் ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்கு ரத்தக்குழாய்கள் சுருங்கி, கை கால் விரல்கள் எரிந்து, கறுத்து, அழுகி விழுந்தன. புனித அந்தோணியாரின் நெருப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1918-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தின் ஆர்தர் ஸ்டோல் அந்தப் பூஞ்சையிலிருந்து எர்காட்டமைனைப் பிரித்தெடுத்தார்.  1920-களிலேயே அதைத் தலைவலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டது.

இந்தப் பூஞ்சையின் இன்னொரு வாரிசை நம் தாய்மார்கள் பலர் தெரியாமலேயே சந்தித்திருக்கிறார்கள். பிரசவம் முடிந்ததும் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெதர்ஜின் ஊசி இதே குடும்பம். கருப்பையை இறுக்கிச் சுருக்கும் வேலையை அது செய்கிறது. எர்காட் மாத்திரையைக் கர்ப்பிணி தொடவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

எர்காட்டமைன், காஃபீன், பாராசிட்டமால், வாந்தியைத் தடுக்கும் ப்ரோகுளோர்பெரசின் என்று நான்கையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரை இந்தியாவில் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அத்தை போட்டதும் அதுதான். தெரு முனைக் கடையில் "ஒத்தத் தலவலி மாத்திரை" என்றால் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார்கள். எழுத்துப்படி இது டாக்டர் சீட்டுக்கு விற்க வேண்டிய மருந்து. வலியைக் கேட்கவைக்கிறது என்பது உண்மை. ஆனால் இதயக் குழாய் அடைப்பு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கால் ரத்தஓட்டக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. தொண்டைப் புண்ணுக்கு எழுதும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் எர்காட் உடம்பில் தேங்கி, அந்தப் பழைய விரல் கறுக்கும் நோயையே கொண்டுவந்துவிடலாம். சளிக்குப் போன இடத்தில் "தலைவலிக்கு என்ன மாத்திரை போடுறீங்க" என்று யாராவது கேட்டால் எரிச்சல் படாமல் பதில் சொல்லுங்கள்.

மைக்ரேனுக்கென்றே திட்டமிட்டுச் செய்த முதல் வெற்றிகரமான மருந்து டிரிப்டான் வகை. வலி நேரத்தில் ரத்தத்தில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இறங்குகிறது, செரட்டோனினையே ஊசியில் ஏற்றினால் வலி தணிகிறது என்று 1960-களில் கண்டிருந்தார்கள். ஆனால் நேரடியாக ஏற்றினால் பக்கவிளைவு தாங்க முடியாது. பிரிட்டனில் கிளாக்ஸோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரியின் குழு 1972-ல் வேலையை ஆரம்பித்து, செரட்டோனினின் பல பூட்டுகளில் தேவையானவற்றை மட்டும் திறக்கும் சாவியைத் தேடியது. சுமாட்ரிப்டான் 1991-ல் சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ இருபது வருட உழைப்பு. இன்று ரிசாட்ரிப்டான், நாராட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான் என்று தம்பி தங்கைகள் வந்துவிட்டார்கள், மூத்தவனையும் சேர்த்து மொத்தம் ஏழு. இந்தியாவில் எல்லாம் கிடைப்பதில்லை. சுமாட்ரிப்டானும் ரிசாட்ரிப்டானும் அதிகம் எழுதப்படுகின்றன.

டிரிப்டானிலும் நேரம்தான் முக்கியம். வலி லேசாக இருக்கும்போதே போட்டால் நன்றாகக் கேட்கும். சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் ஓடும், பாதிப் பார்வை மறையும். ஆரா என்று அதைச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் போடாமல், வலி தொடங்கும்போது போடுவதுதான் முறை. முதல் தடவை போட்டவர்களுக்கு நெஞ்சோ கழுத்தோ இறுக்குவதுபோல இருந்து பயமுறுத்தும். பெரும்பாலும் சீக்கிரம் போய்விடும் என்றாலும் டாக்டரிடம் சொல்லவேண்டிய சமாச்சாரம் அது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்த மருந்தே கிடையாது. எர்காட் மாத்திரை போட்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் டிரிப்டான் போடக் கூடாது. இரண்டுமே குழாயைச் சுருக்குபவை.

இனி அந்த 17 புள்ளிக்கு வருவோம்.

வலி மருந்தே வலியை உண்டாக்கும் என்று சொன்னால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். ஏற்கெனவே தலைவலிக்காரராக இருப்பவர் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ எர்காட், டிரிப்டான் அல்லது கூட்டு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருந்தால், அல்லது வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் வகையை 15 நாளோ அதற்கு மேலோ போட்டுக்கொண்டிருந்தால், மூன்று மாதம் தாண்டியதும் தலைவலி மாதத்தில் பாதி நாளுக்கு மேல் குடியிருக்க ஆரம்பிக்கிறது. சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் இதற்கென்று தனி இடமே உண்டு. கணக்கு நாட்களுக்குத்தான். ஒரே நாளில் இரண்டு மாத்திரை போட்டாலும் அது ஒரு நாள்தான். மாத்திரையின் வேகம் இறங்கும்போது வலி எழும், அதற்கு இன்னொன்று, அது இறங்கும்போது மறுபடி. அத்தை காலையில் எழும்போதே வலியோடு எழுந்தது இப்படித்தான். நாங்கள் தலையணையை மாற்றிக்கொண்டிருந்தோம்.

இதற்கு வைத்தியம் நிறுத்துவதுதான். நிறுத்தினால் முதலில் வலி கூடும். இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை மோசமாக இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாத்திரையில் இருந்த காஃபீனும் சேர்ந்து நின்றதால் அத்தைக்கு அந்த முதல் வாரம் வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்க முடியவில்லை. தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, சன்னலை மூடி, நெற்றியில் சுக்குப் பற்றோடு கிடந்தார். எட்டாவது நாள் காலையில் எழுந்து தானே காபி போட்டார்.

நிறுத்தச் சொன்ன அன்றே தடுப்பு மாத்திரையும் எழுதினார்கள். பொதுவாக மாதத்துக்கு நான்கு நாளுக்கு மேல் மைக்ரேன் வந்தாலோ, குறைவாக வந்தும் ஆளைச் சாய்த்துப் போட்டாலோ தடுப்பு மருந்தைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வகை மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் தற்செயல்தான். ஜேம்ஸ் பிளாக் 1960-களில் நெஞ்சு வலிக்காகக் கண்டுபிடித்த மருந்து ப்ரோப்ரனோலால். 1988-ல் அவருக்கு நோபல் வாங்கித் தந்த ஆராய்ச்சியில் அதுவும் ஒன்று. இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தவர்கள், அவர்களில் ஒருவருக்கு இருந்த மைக்ரேனும் அடங்கியதைக் கவனித்தார்கள். 1966-ல் அது ஆய்விதழில் வந்தது. இன்றுவரை முதல் வரிசையில் இருக்கும் மருந்து அது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது. அதற்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கித் தலைவலிக்குத் தருகிறார்கள். வாய் உலரும், காலையில் எழ மனசு வராது, எடையும் கொஞ்சம் ஏறும். டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்பு மருந்துகள். கேண்டிசார்டன் ரத்த அழுத்த மாத்திரை. சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ்கூட இப்படித்தான் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள், தலைவலியும் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். 2010-ல் நாட்பட்ட மைக்ரேனுக்கு அனுமதி கிடைத்தது. நெற்றியிலிருந்து தோள் வரை 31 இடங்களில், 12 வாரத்துக்கு ஒரு முறை.

இந்தத் தற்செயல் வரலாற்றுக்கு ஒரு விலை இருக்கிறது. அதை அடுக்களையில்தான் பார்க்க முடியும். தடுப்பு மாத்திரையின் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்தால் முதலில் வருவது "மனச்சோர்வு", "வலிப்பு", "ரத்த அழுத்தம்". "எனக்கென்ன காக்கா வலிப்பா?", "என்னை மெண்டல்னு நெனச்சிட்டாரா டாக்டர்?" இரண்டையும் சொந்தக் காதால் கேட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். எழுதிக் கொடுக்கும்போதே அரை நிமிடம் செலவழித்து, இது வேறு நோய்க்கு வந்த மருந்து, குறைந்த அளவில் உங்கள் தலைவலியையும் தடுக்கும் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மீதிப் பேர் பொறுமை இல்லாமல் நிறுத்துகிறார்கள். தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, சரியான அளவுக்கு வந்த பிறகு எட்டு வாரமாவது வேண்டும். மெல்ல மெல்ல அளவை ஏற்றும் காலம் தனி. நல்ல பலன் என்று ஆய்வுகளில் கணக்கிடுவது, வலி நாட்கள் பாதியாகக் குறைவதை. முழுதாக மறைவதை எதிர்பார்ப்பவர் மூன்றாவது வாரம் ஒரு வலி வந்ததும் "இதுவும் கேக்கல" என்று முடிவு கட்டிவிடுகிறார். பலன் கிடைத்தால் ஆறு மாதம், ஒரு வருடம் போட்டு மெதுவாகக் குறைப்பார்கள். ப்ரோப்ரனோலாலைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கு நல்லதல்ல.

எந்த மருந்து யாருக்கு என்பதை அவர்களுடைய மற்ற உடல்நிலைதான் முடிவு செய்கிறது. ரத்த அழுத்தமும் இருப்பவருக்கு ப்ரோப்ரனோலால் அல்லது கேண்டிசார்டன், தூக்கமில்லாதவருக்கு அமிட்ரிப்டிலின், எடை கூடிவிடக் கூடாது என்பவருக்கு டோபிராமேட். டோபிராமேட்டில் விரல் நுனி மதமதக்கும், சோடா சப்பென்று ஆகிவிடும், பேசும்போது சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும். தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் சிறுநீரகக் கல்லும் வரலாம். நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் ஃப்ளூனாரிசின் அமெரிக்காவில் விற்பனையிலேயே இல்லை. தூக்கமும் எடையும் கூடும். மனம் சோர்ந்துபோகும் சுபாவம் உள்ளவர்களுக்கும், நடுக்கம் வரக்கூடிய வயதானவர்களுக்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. ப்ரோப்ரனோலால் போடுகிறவர் ரிசாட்ரிப்டான் எடுத்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும் என்பதால் 10-க்குப் பதில் 5 மில்லிகிராம்தான்.

பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் பிள்ளையின் முதுகெலும்பையும் மூளையையும் பாதிக்கக்கூடியது, டோபிராமேட்டும் பிறவிக் குறைபாடுகளோடு தொடர்புடையது. கல்யாணமாகிக் குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள், அல்லது எதிர்பாராமல் கரு தங்கிவிடக்கூடிய வயதில் இருப்பவர்கள், வெட்கப்படாமல் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஆராவோடு மைக்ரேன் வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். பக்கவாத அபாயம் கூடுகிறது. மாதவிலக்கை ஒட்டி மட்டும் வலி வருகிறவர்களுக்கு அந்தச் சில நாட்களுக்கு மட்டும் நாப்ராக்சனோ ஒரு டிரிப்டானோ கொடுத்துத் தடுக்கும் வழியும் உண்டு.

தூண்டுபவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பட்டியல்களில் சீஸ், ரெட் ஒயின் என்று இருக்கும். மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-ல், தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி எழுதினார். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை ஈரத்தலையோடு படுத்துவிடும் பெண்கள் "தலைல நீர் கோத்துக்கிச்சு" என்று பாட்டி காலத்திலிருந்து சொன்னதை ஒரு ஆய்விதழ் காது கொடுத்துக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக, புதிய மருந்துகள். முகத்துக்கும் மண்டைக்கும் உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பின் முனைகளிலிருந்து சிஜிஆர்பி என்ற சிறு புரதத் துணுக்கு கசிகிறது. 1980-களின் தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்தபோது தலைவலியோடு யாரும் முடிச்சுப் போடவில்லை. பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990-ல், வலி உச்சத்தில் இருந்தவர்களின் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அது கூடியிருந்தது. பின்னர் சுமாட்ரிப்டான் கொடுத்துப் பார்த்தபோது, வலி அடங்கியதும் அதுவும் இறங்கியது. 2002-ல் டென்மார்க்கில் மைக்ரேன்காரர்களுக்கு அதையே ஊசியில் ஏற்றியபோது வலி வந்தது. ஆக, குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். அதை மடக்கும் ஆன்டிபாடி ஊசிகளில் முதலாவதான எரினுமாப் 2018 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாதம் ஒரு ஊசி. தடுப்புக்கென்றே பிறந்த மருந்துகள் இப்போதுதான் வந்திருக்கின்றன என்று சொல்லலாம். பின்னாலேயே மாத்திரைகள் வந்தன. உப்ரோஜிபேன்ட் விரட்ட, அட்டோஜிபேன்ட் தடுக்க, ரிமெஜிபேன்ட் இரண்டுக்கும். ரத்தக்குழாயைச் சுருக்காது என்பது டிரிப்டான் எடுக்க முடியாத இதய நோயாளிகளுக்கு ஒரு நம்பிக்கை. இந்த ஜிபேன்ட் மாத்திரைகள் அளவு மீறினால் தலைவலியைக் கூட்டும் அந்தப் பழைய வலையில் நம்மைச் சிக்கவைப்பதாகவும் தெரியவில்லை. 2024-ல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம், பழைய மருந்துகள் தோற்கும்வரை காத்திருக்காமல் இவற்றை முதலிலேயே தரலாம் என்று அறிவித்தது. மாதம் ஆயிரக்கணக்கில் ரூபாய் ஆகும் என்பதால் நமக்கு அந்த வரிசை இப்போதைக்குப் பொருந்தாது. பத்து மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் ஒரு மாதத்துக்கு ஆகும் செலவு ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது.

சில தலைவலிகளுக்கு இந்தக் கட்டுரையே பொருந்தாது. இடி விழுந்ததுபோல நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் பலமிழப்போ பேச்சுக் குழறலோ வந்தால், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் புதிய வலி. இவற்றுக்கு நேராக ஆஸ்பத்திரிதான்.

அத்தையின் இந்த மாதக் காலண்டரில் 6 வட்டம், 4 புள்ளி. பிரதோஷத்துக்குப் பட்டினி கிடந்த மறுநாள் வட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. பழைய மாத்திரை அட்டை ஒன்று அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது, நாலு மாத்திரை பாக்கி. தூக்கிப் போடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்டா, நான் ஒண்ணும் போட மாட்டேன்" என்றார்.